மிதுனாவுக்கு ஒதுக்கிய இடம்

மிதுனாவின் பெயருக்கு நேரே சுழியம் என்று இருந்தது.

முதலில் அதை அவள் எழுத்துப் பிழை என்றுதான் நினைத்தாள். வீட்டின் மறுவமைப்பு வரைபடம் கூடத்துத் தரையில் ஒளிக்கோடுகளாக விரிந்து கிடந்தது. வீட்டிலுள்ள நால்வருக்கும் தனித்தனியே எத்தனை சதுர அடி என்று பெயருக்கு எதிரே எழுதியிருந்தது. மாமனார் பிரவீண்குமாருக்கு இருநூற்று அறுபது. கணவன் கவினேஷுக்கு இருநூற்றுப் பத்து. மகள் தளிருக்கு நூற்று எழுபது. சமையலறையும் கூடமும் எல்லோருக்கும் பொது. மிதுனா, சுழியம்.

"மெசினுக்கு ஏதாச்சும் கோளாறா இருக்கும்" என்றான் கவினேஷ்.

"நலங்கணிக்குக் கோளாறு வராதுங்க" என்றாள் மிதுனா. சொல்லி முடித்த பிறகுதான், தான் யாருக்கு வக்காலத்து வாங்குகிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

வாங்காமல் எப்படி இருப்பாள். கோயம்புத்தூரில் நலங்கணி வைத்து வீடு மாற்றித் தருகிறவர்களில் மிதுனாவுக்கு நிகர் மிதுனாதான். துடியலூரிலிருந்து சிங்காநல்லூர் வரை நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளை மாற்றிக் கொடுத்திருக்கிறாள். ஒரு வீட்டிலிருந்தும் ஒரு புகார் வந்ததில்லை. நாலு வீட்டு அமைப்பாளர்கள் கூடும் இடத்தில் அவள் அந்தச் செய்தியைச் சொல்லாமல் திரும்பியதும் இல்லை.

வெறுங்காலோடு வீட்டுக்குள் நடக்கும் ஊரில்தான் நலங்கணி போன்ற ஒரு கருவி பிறந்திருக்க முடியும். செருப்பை வாசலிலேயே விட்டு வருகிறவர்களின் உள்ளங்கால் நாள் முழுவதும் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தத் தரையில் நாடி பார்க்கத் தெரிந்த ஓடுகளைப் பதித்துவிட்டால் போதும். நாடித்தரை என்று பெயர். யாருக்கு எங்கே நின்றால் இதயம் படபடக்கிறது, எங்கே உட்கார்ந்தால் மூச்சு சீராகிறது, எந்த மூலையைக் கடக்கும்போது பாதம் வியர்க்கிறது என்று அது ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், சளைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும். உடல் நிம்மதியாக இருந்தால் காலடி ஓட்டின் ஓரத்தில் பச்சை. சங்கடப்பட்டால் சிவப்பு. அதையெல்லாம் கூட்டிக் கழித்து நலங்கணி வரைபடம் போடும். வீட்டின் உட்சுவர்கள் எல்லாம் இளகுசுவர்கள். மின்சாரம் கொடுத்தால் சப்பாத்தி மாவுபோல் இளகும், நிறுத்தினால் இறுகும். காலையில் நடைப்பயிற்சிக்குப் போனவர் வீடு திரும்புவதற்குள் அவர் படுக்கையறை நான்கடி தள்ளி நிற்கும்.

அதற்கு முன்பெல்லாம் மனிதர்களை வாயால் கேட்டுத்தான் வீடு அமைத்தார்கள். அந்தக் கூத்தை நினைத்தால் மிதுனாவுக்கு இப்போதும் சிரிப்பு வரும். பொள்ளாச்சியில் ஒரு தென்னந்தோப்புக்காரர் தனக்கு நூலகம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். வாழ்க்கையில் அவர் கடைசியாக முழுவதும் படித்தது டிராக்டரின் கையேடு. நாடித்தரையைப் போட்டுப் பார்த்தால், மனிதருடைய உடல் மிகவும் அமைதியாக இருந்த இடம் பின்கட்டுத் துணி துவைக்கும் கல். மிதுனா அந்தக் கல்லுக்கே ஒரு கூரையும் காற்றுவரவும் செய்து கொடுத்தாள். மனிதர் தினமும் நான்கு மணிக்கு அதன்மேல் உட்கார்ந்து நிலக்கடலை தின்கிறார் என்று கேள்வி.

"வாய் ஆயிரம் சொல்லும், பாதம் பொய் சொல்லாது" என்று உறைவிட நல வாரியத்தின் கூட்டத்தில் அவள் பேசியபோது எல்லோரும் கைதட்டினார்கள். விதிகள் எழுதும் குழுவில் அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். ஏழாம் விதி அவள் கைப்பட எழுதியது. குடியிருப்போர் வாயால் சொல்லும் விருப்பம் எதுவும் கணக்கில் கொள்ளப்படாது. எட்டாம் விதி இன்னொருவர் எழுதியது, அதற்கும் இவள்தான் முதலில் கை தூக்கினாள். எவர் உடல் அதிகம் சங்கடப்படுகிறதோ அவருக்கு அதிக இடம்.

அதனால்தான் மாமனாருக்கு இருநூற்று அறுபது. காற்று வந்தால் குளிர்கிறது என்பார், வராவிட்டால் புழுங்குகிறது என்பார். எழுபத்தாறு வயதில் அவருடைய பாதம் வீட்டின் எல்லா மூலைகளையும் சிவக்க வைத்திருந்தது.

"அழுத புள்ள பால் குடிக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்று அவர் தன் பெயருக்கு எதிரே இருந்த எண்ணைப் பார்த்துப் பூரித்தார். பிறகு மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "உன்றது என்னம்மிணி, ஒண்ணுமே காணோம்?"

மிதுனா தன் பெயரைத் தொட்டாள். நாற்பத்தெட்டு நாள் கணக்கும் ஒரு கோடாக விரிந்தது. மேடு இல்லை, பள்ளம் இல்லை. சமையலறை முக்காலியில் பச்சை. கட்டில் ஓரத்தில் பச்சை. மாடிப்படியில் பச்சை. வாஷிங் மெஷின் மூடியின்மேல் காகிதத்தை விரித்து, துணி சுழலும் அதிர்வோடு அதிர்வாக நின்றபடியே அவள் வரைந்த நேரமெல்லாம்கூடப் பச்சை. கோட்டின் அடியில் நலங்கணி இரண்டே சொற்களில் முடித்திருந்தது: எங்கும் நலம்.

எங்கும் நலமாக இருக்கிறவளுக்குத் தனியாக எதற்கு இடம்? நலங்கணியின் கணக்கில் தப்பே இல்லை. அவளே போட்டிருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பாள். அதை ஏற்கத்தான் மனம் வரவில்லை. குனிந்து பார்த்தாள். காலடியில் ஓடு அப்போதும் பச்சையாகவே இருந்தது.

அவளுக்கு வேண்டியது வடபுற அறை. பத்துக்குப் பன்னிரண்டு. வடவள்ளியில் அவர்கள் தெருவில் இருந்த வீடுகளில் மருதமலை முழுசாகத் தெரியும் ஜன்னல் அது ஒன்றுதான். கல்யாணமாகி வந்த முதல் வாரமே அந்த ஜன்னலுக்கு எதிரே ஆறடி மேசை ஒன்றை அவள் மனதுக்குள் போட்டுவிட்டாள். மேசைமேல் வரைவதற்கு ஒரு சாய்பலகை, பக்கத்தில் உள்ளிருந்து தாழிடக்கூடிய கதவு. ஆனால் அறையில் கவினேஷின் மோட்டார்கள் இருந்தன. விவசாயிகள் தங்கள் கிணற்று மோட்டார் ஓடும் சத்தத்தை அனுப்புவார்கள், அவன் அதைக் கேட்டே இன்ன பழுது என்று சொல்வான். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய மோட்டார்கள் இருபது முப்பது வேண்டும். இருபத்திரண்டு வருடங்களாக அவை ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றன.

அவள் ஒரு தடவைகூட வாயைத் திறந்து கேட்டதில்லை. கேட்டு வாங்கினால் அதில் என்ன மரியாதை என்று ஓர் எண்ணம். நலங்கணி வந்த பிறகு அந்த எண்ணத்துக்கு ஓர் ஆதாரமும் கிடைத்துவிட்டது. என்றைக்காவது நம் வீட்டையும் மாற்றுவோம், அன்றைக்குப் பாதம் தானாகச் சொல்லும், அறை தானாக வந்து சேரும் என்று நம்பினாள். அவ்வளவு உறுதியாக நம்பியதால்தான் இத்தனை வருடம் காத்திருந்தாள்.

மறுகணிப்புக்கு ஒரு முறை அனுமதி உண்டு. அன்று மத்தியானமே விண்ணப்பித்தாள்.

"அப்ப நீ இன்னும் நாப்பத்தெட்டு நாள் சங்கடப்படணும்" என்றாள் தளிர். பத்தொன்பது வயது. பரீட்சைக்குப் படிக்கிறவள், எரிச்சலில் பட்டம் வாங்கியவள். "எரிச்சல்படும்மா. அதுதான் விசயம்."

"எதுக்குக் கண்ணு எரிச்சல்படறது?"

"பாரு, இதுதான் பிரச்சனையே."

வீடே சேர்ந்து அவளைச் சங்கடப்படுத்தப் பாடுபட்டது. தளிர் அளவு நாடாவை ஒளித்து வைத்தாள். மிதுனா சாண் போட்டு அளந்து வேலையை முடித்தாள், பச்சை. கவினேஷ் ஏழரைக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்றின் கரகரப்பை அவள் காதருகே முழுச் சத்தத்தில் ஓடவிட்டான். அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிப்போனாள். மாமனாருக்கு மருமகளைத் திட்டும் பொறுப்பு. அவர் மூன்று நாள் தயங்கி, நான்காம் நாள் தட்டைத் தள்ளினார்.

"இதென்னம்மிணி, கொழம்பா இது, கழனித்தண்ணி?"

"நாளைக்குச் சரி பண்ணிடறேனுங் மாமா" என்றாள் மிதுனா, பச்சையாக. திட்டிய பெரியவருக்குத்தான் அன்றைக்கு முழுவதும் மனசு ஆறவில்லை. அவர் காலடி சிவந்து சிவந்து, மாலைக்குள் அவருடைய ஒதுக்கீடு பத்து சதுர அடி கூடிவிட்டது.

நாற்பத்தாறாம் நாள் காலை. ஆனைமலையிலிருந்து ஒரு பழைய மோட்டார் வந்து இறங்கியது. கவினேஷ் ஒரு பக்கம் பிடிக்க, மிதுனா மறுபக்கம் பிடிக்க, இருவரும் அதை வடபுற அறைக்குள் கொண்டு போனார்கள்.

"அந்த ஜன்னல் கட்டையோரமா வெச்சிரலாம் மிது. அங்க ஒருத்தர் நிக்கறளவுக்கு எடம் இருக்குது பாரு."

அந்த இடத்தில்தான் அவள் எப்போதாவது நின்று மலையைப் பார்ப்பாள். மோட்டாரைக் கீழே வைத்தாள்.

"அங்க வெக்காதீங்க."

"ஏன், செவுத்துல ஓதமா?"

"எனக்கு இந்த ரூம் வேணுங்க."

சொன்னதும் அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. பந்தியில் அடுத்தவர் இலையில் கை வைத்துவிட்டது போன்ற வெட்கம். அதற்குக் கீழே, அதைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷம். இதயம் நெஞ்சைத் தட்டுவது தொண்டை வரை கேட்டது. காலடியில் ஓடு சிவந்தது. அடுத்த ஓடு சிவந்தது. அறை முழுவதும் சிவந்து வாசற்படி வரை போனது. நாடி நூற்று முப்பத்தெட்டு என்று சுவரில் எழுத்து வந்தது. நாற்பத்தாறு நாளில் அந்த வீட்டில் யாரும் தொடாத எண் அது. சிவப்பைப் பார்த்துத் தளிர் ஓடி வந்தாள். பின்னாலேயே மாமனார்.

கவினேஷ் தரையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான். "எத்தன வருசமா?"

"கல்யாணமாகி வந்த நாள்ல இருந்துங்க."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தீன்னா அன்னைக்கே காலி பண்ணியிருப்பனே."

"சொன்னா கணக்குல சேராதுங்க. நான் எழுதுன விதி" என்றாள் மிதுனா. சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது.

மாலைக்குள் அறை காலி. கவினேஷ் மோட்டார்களை ஒவ்வொன்றாக மொட்டைமாடிக்குத் தூக்கிப்போனான். தளிர் ஜன்னலைத் துடைத்தாள். மேசைக்கு அளவெடுத்தாள் மிதுனா, இந்த முறை நாடாவால். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவளுக்கு ஓர் அறை வரப்போகிறது என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. நாடி பார்த்தாயிற்று, சிவப்பு விழுந்தாயிற்று, சங்கடப்பட்டவருக்கு இடம் என்பது விதி.

மறுகணிப்பின் வரைபடம் மூன்றாம் நாள் வந்தது. மிதுனா, சுழியம். கீழே நலங்கணியின் குறிப்பு இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக இருந்தது. எங்கும் நலம், வடபுற அறை நீங்கலாக. அந்த அறையில் நிற்கும்போது இவருக்கு நாடி மிகுகிறது. அவ்விடம் இவர் உடலுக்கு ஒவ்வாது. அறை கவினேஷுக்கு ஒதுக்கப்படுகிறது.

கணக்கில் இப்போதும் தப்பில்லை. நாடித்தரைக்குத் தெரிந்தது இதயம் வேகமாக அடிக்கிறதா, மெதுவாக அடிக்கிறதா என்பது மட்டும். எதற்காக அடிக்கிறது என்று யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை என்று வாரியத்தில் வாதாடி வென்றவளும் மிதுனாதான்.

"ரூம் எம்பேர்ல இருந்தா என்ன? நீ போய் உக்காரு" என்றான் கவினேஷ். மேசையும் வந்து இறங்கியிருந்தது.

உட்கார்ந்தாள். மலை தெரிந்தது. மகிழ்ச்சியில் இதயம் ஓட ஆரம்பித்தது. தரை சிவந்தது. உடனே விளக்கு மங்கியது, மின்விசிறி வேகம் கூடியது, எங்கிருந்தோ வெட்டிவேர் வாசனை வந்தது. "மிதுனா, இந்த இடம் உங்களுக்கு உகந்ததல்ல. கூடத்துக்கு வாருங்கள்" என்று வீடு கனிவாக அழைத்தது. வீட்டுக்கு அந்தக் குரலைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். ஒரு கோடு போடுவதற்குள் மூன்று முறை கூப்பிட்டது. நான்கு நாள் பொறுத்துப் பார்த்தாள். வாஷிங் மெஷின் மூடிக்கே திரும்பிப் போனாள், அங்கே பச்சை.

"செருப்பைப் போட்டுக்கிட்டு உக்காந்து பாரேன் அம்மிணி. தரைக்கு ஒண்ணும் தெரியாது" என்று மாமனார் ஒரு வழி சொன்னார்.

"வூட்டுக்குள்ளயா?" என்றாள் மிதுனா. அவரும் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மற்றவர்களாவது அறையைப் புழங்கினார்களா என்றால் அதுவும் இல்லை. தட்டில் கடைசியாக மிஞ்சிய ஒற்றை பஜ்ஜி மாதிரி ஆகிவிட்டது அந்த அறை. நீ எடுத்துக்கோ, நீ எடுத்துக்கோ என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, கை நீட்ட ஆள் இல்லை. கவினேஷ் ஒரு முறை சார்ஜரை எடுக்க உள்ளே போனான். மேசை காலியாக இருந்ததைப் பார்த்ததும் அவனுக்கு நெஞ்சைப் பிசைந்தது, தரை சிவந்தது. தளிர் புத்தகத்தோடு போய் நின்றாள், அம்மாவின் அறையில் எப்படி உட்காருவது என்று நினைத்த மாத்திரத்தில் சிவப்பு. மாமனார் வாசற்படியிலேயே நின்று திரும்பிவிட்டார். இருந்தும் அவர் கணக்கில் ஒரு சிவப்பு ஏறியது.

மாதம் ஒரு முறை நலங்கணி தானே ஒரு சீரமைப்பு செய்யும். அந்த மாதத்துச் சீரமைப்பு ஒரு வியாழக்கிழமை காலையில் நடந்தது. மிதுனா காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது வடபுற அறையின் சுவர் வியர்த்தது. மேல்விளிம்பு தொய்ந்தது. கதவு நிலையோடு சாய்ந்து, சுவருக்குள் சுருண்டு, தரையோடு தரையாக வழிந்து போனது. ஒரு மணி நேரத்தில் அறை இல்லை. நூற்றிருபது சதுர அடியும் கூடத்தோடு சேர்ந்துவிட்டது. மேசை நடுக்கூடத்தில் அநாதையாக நின்றது.

சுவரில் குறிப்பு வந்தது. நால்வருக்கும் ஒவ்வாத இடம் நீக்கப்பட்டது. சற்று நேரத்தில் வாரியத்திடமிருந்தும் ஒரு செய்தி. வீடு முழுநலம் அடைந்துவிட்டதாம், நூற்றுக்கு நூறாம், மாவட்டத்திலேயே இந்த எண்ணைத் தொட்ட முதல் அமைப்பாளர் மிதுனா என்பதில் வாரியம் பெருமை கொள்கிறதாம்.

மிதுனாவுக்கு ஆத்திரம் வந்தது. வயிற்றிலிருந்து கிளம்பி வந்த நல்ல ஆத்திரம். நின்ற இடம் பளிச்சென்று சிவந்தது. நின்றது சமையலறை வாசல்.

கவினேஷ் பதறி வந்து அவள் கையைப் பிடித்தான். "இங்க நிக்காத மிது. அப்புறம் சமையல் ரூமையும் எடுத்துரும். வா, பேக்கரிக்குப் போய்ப் பேசிக்கலாம்."

கோயம்புத்தூரில் டீ குடிக்கிற இடத்துக்குப் பேர் பேக்கரி. மருதமலைச் சாலை முனையில் இருந்த அந்த பேக்கரிக்குள் மிதுனா நுழைந்து பத்து வருடமாவது இருக்கும். வேலை, வேலை என்று ஓடியவளுக்கு ஏது நேரம். உள்ளே தகர பெஞ்சுகள், ஆடுகிற மேசைகள், மேலே கடகடக்கும் ஒரு விசிறி. அமைப்பாளரின் கண்ணுக்கு அங்கே சௌகரியம் என்று ஒரு பொருளும் இல்லை. ஆனால் காலை பத்தரை மணிக்கு உட்கார இடமில்லாமல் கூட்டம். குடும்பம் குடும்பமாக, தலையோடு தலை சேர்த்து, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் அம்மாவும் மகனும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு மூலையில் ஒரு பெண் விசும்ப, அவள் கணவன் பஃப்ஸை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தான்.

மிதுனாவைப் பார்த்ததும் பேச்சு ஒவ்வொரு மேசையாக நின்றது. முகங்கள் எல்லாம் தெரிந்த முகங்கள். அவள் வீடு மாற்றிக் கொடுத்தவர்கள், வீட்டு வரிசை எண்ணோடு அவளுக்கு நினைவிருந்தது. முப்பத்தொன்று, நூற்று நாற்பது, இருநூற்று மூன்று.

இருநூற்று மூன்று துடியலூர் நவீன். பக்கத்தில் அவர் மனைவி சுவாதி. இருவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. நவீன் தள்ளி உட்கார்ந்து பெஞ்சில் இடம் கொடுத்தார்.

"இங்க எதுக்குங்க வர்றீங்க, துடியலூர்ல இருந்து இவ்வளவு தூரம்?" என்று கேட்டாள் மிதுனா. "வீட்ல ஏதாச்சும் குறைங்களா?"

"குறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வீடு நல்ல சொகமா இருக்குது" என்றார் நவீன். பிறகு சுவாதியைப் பார்த்தார். சுவாதி கண்ணைக் காட்டியதும் டீ கிளாஸை உருட்டிக்கொண்டே சொன்னார். "பூசை ரூம் போயிருச்சுங்க. எங்க பெரியவன் போட்டோ அதுலதான் இருந்துச்சு. அவன் போய்ச் சேந்து ஆறு வருசமாச்சு. இவ அங்க நின்னாலே கண்ணுல தண்ணி வந்துரும். அந்த எடம் ஒடம்புக்கு ஆகறதில்லேன்னு மெசின் எடுத்துப் போட்டுது."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேங்க."

"வூட்டுக்குள்ள நின்னுட்டு எப்படீங்க புகார் சொல்றது? நெனச்சாலே தரை செவந்துருது. அப்புறம் நின்ன எடமும் போயிரும். உங்களுக்குத் தெரியாததுங்களா?"

"அதனால தெனமும் இங்க வந்து உக்காந்து அவனப் பத்திப் பேசிட்டுப் போவோமுங்க" என்றாள் சுவாதி. "பஸ்ல முக்கா மணி நேரந்தான்."

மிதுனாவுக்கு உட்கார்ந்த இடத்தில் உடம்பு கூசியது. நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் ஒரு புகாரும் வரவில்லை என்று பத்து வருடமாகப் பீற்றிக்கொண்டிருந்தாள். புகார் எல்லாம் இங்கே வந்து டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அழுகிற இடம், சண்டை போடுகிற இடம், ஒன்றை ஆசைப்பட்டு நிற்கிற இடம் என்று நெஞ்சு வேகமாக அடிக்கும் இடங்களை எல்லாம் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்திருக்கிறாள். மிச்சமிருப்பது தூங்குவதற்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். தன் கைவேலையை நினைத்து அவள் வெட்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

ஆனால் அவள் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடுகிற ஆள் இல்லை. டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கவினேஷ் பக்கம் திரும்பினாள்.

"மொட்டைமாடியில அந்த மோட்டாரையெல்லாம் ஒரு ஓரமா ஒதுக்குங்க. வடக்கு பாத்தாப்பல பத்துக்குப் பன்னெண்டு எனக்கு வேணும். பெரிய ஜன்னல். கதவு, உள்தாழ்ப்பாளோட."

இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடச் சுலபமாக இருந்தது. காலில் செருப்பு இருந்தது, கீழே வெறும் சிமெண்டுத் தரை.

"செவுரு?" என்றான் கவினேஷ்.

"செங்கல்லு. கரண்ட் குடுத்தா அசையாது. தரைக்கு ரெட்டாக்சைடு, அந்தக் காலத்துச் செவப்புச் சிமெண்டு."

"வாரியம் ஒத்துக்குமா?"

"எளகுசெவுருக்குத்தான் வாரியத்தோட முத்திரை வேணும். செங்கல்லை யாரும் கேக்கறதே இல்லைன்னு அதுக்கு நாங்க விதியே எழுதல." மிதுனா காகித நாப்கினை இழுத்து அதில் ஒரு செவ்வகம் போட்டாள். "ஏழாம் விதிக்கு அப்புறமா வரேன். அதை எழுதத் தெரிஞ்சவளுக்கு அடிக்கவும் தெரியும்."

கவினேஷ் அந்தச் செவ்வகத்தைப் பார்த்தான். "ஜன்னலை இன்னும் கொஞ்சம் பெருசாப் போடு" என்றான். அவள் பெரிதாக்கினாள். அறை கிடைத்துவிட்டது என்பது அவளுக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது.

பக்கத்தில் நவீன் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தொண்டையைச் செருமினார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. எங்களுக்கும் அதே மாதிரி ஒண்ணு போட்டுத் தருவீங்களா? மெசினெல்லாம் வேண்டாமுங்க. வாயாலயே சொல்லீர்றோம்."

மிதுனா புது நாப்கின் ஒன்றை எடுத்தாள். "சொல்லுங்க. எப்படி வேணும், எவ்வளவு வேணும்?"

எத்தனையோ வருடங்களாக அந்தக் கேள்வியை நவீனிடம் யாரும் கேட்டதில்லை. "நீ சொல்லு" என்றார் மனைவியிடம். "நீங்களே சொல்லுங்க" என்றாள் சுவாதி. மிதுனா அவசரப்படுத்தாமல் இன்னும் நாலு டீ சொன்னாள்.

டீ வந்த பிறகுதான் சுவாதி பேசினாள். "ஒரு ஆளு உக்காந்து அழுகறளவுக்கு இருந்தாப் போதுமுங்க."

மிதுனா குறித்துக்கொண்டாள். பேனா நாப்கினிலேயே நின்றது. "ஒரு ஆளுக்குங்களா, ரெண்டு ஆளுக்குங்களா?"

சுவாதி கணவனைப் பார்த்தாள். நவீன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ரெண்டு ஆளுக்குங்க" என்றார்.